'எத்தனை லிட்டர் தொட்டிக்கு?' என்று கேட்டு புரோட்டீன் ஸ்கிம்மர் வாங்கப் போறீங்களா... ஒரு நிமிஷம்!

காலை ஆறு மணிக்கு புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்திருக்கிறீர்களா? வண்டிகள் வராத அந்த நேரத்தில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் கருங்கற்கள் மீது அலை மோதி உடைவதை நின்று பார்க்கலாம். காற்று பலமாக வீசும் நாட்களில் கல் இடுக்கில் பழுப்பு கலந்த வெள்ளை நுரை சேர்ந்திருக்கும். ஒரு ரவுண்டு நடந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் அது அப்படியே நிற்கும். வீட்டுக் குழாய்த் தண்ணீரை எவ்வளவு அடித்தாலும் இப்படி நுரை நிற்காது. ஏன்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால், கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் 'புரோட்டீன் ஸ்கிம்மர்' என்ற கருவி பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி புரியாமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அந்த மே மாத ராத்திரி

லாஸ்பேட்டையில் நானும் ரூம்மேட்டும் வாடகைக்கு இருக்கும் வீட்டின் ஹாலில் ஒரு 3 அடி கடல் மீன் தொட்டி இருக்கிறது. சுமார் 200 லிட்டர். தொட்டிக்குக் கீழே மர கேபினெட்டுக்குள் ஒரு சம்ப். அதாவது, தொட்டியிலிருந்து வழிந்து இறங்கும் தண்ணீரை வாங்கி, சுத்தம் செய்து, பம்ப் மூலம் மறுபடி மேலே அனுப்பும் இன்னொரு சின்ன கண்ணாடித் தொட்டி. ஹீட்டர், ஃபில்டர், ஸ்கிம்மர் மாதிரி பார்க்க நன்றாக இல்லாத சாமான்கள் எல்லாம் அதில்தான் ஒளிந்திருக்கும்.

ஸ்கிம்மர் வாங்கும்போது கடையில் ரூம்மேட் கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, 200 லிட்டருக்கு எது போடலாம்?" பதிலும் ஒரே வரி: "500 லிட்டர் மாடல் எடுத்துக்கோ தம்பி, சேஃபா இருக்கும்." அவ்வளவுதான். சம்ப் எவ்வளவு ஆழம், அதில் எந்த அறையில் வைக்கப் போகிறாய் என்று கடைக்காரர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. இடம் எங்கே இருந்ததோ அங்கே, ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில் ஸ்கிம்மரை இறக்கினோம்.

மே மாதம் நாலு நாள் நான் அலுவலக வேலையாக சென்னை போயிருந்தேன். ரூம்மேட் ஊருக்குப் போய்விட்டான். தீனி மட்டும் பக்கத்து வீட்டுத் தம்பி போட்டான். வெயிலில் தண்ணீர் ஆவியாகி, சம்ப்பின் கடைசி அறையில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது. ரூம்மேட் ராத்திரி பத்து மணிக்கு வந்து, பதறிப்போய் 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றினான். அந்த அறையின் அளவு 30-க்கு 35 செ.மீ. கணக்குப் போட்டால் மட்டம் 9 செ.மீ.க்கு மேல் எகிறியிருக்கும். ஸ்கிம்மர் பொங்கியது. ஊருக்குப் போகும் முன்பே காலி செய்திருக்க வேண்டிய கப்பில் முக்கால்வாசி நிரம்பியிருந்த கரும்பச்சைக் கழிவு மொத்தமும் சம்ப்புக்குள்ளேயே கவிழ்ந்தது. அவன் அதைக் கவனிக்காமல் தூங்கிவிட்டான்.

காலையில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. எட்டு மாதம் வளர்த்த ரெண்டு கோமாளி மீன்களும் இல்லை.

ஸ்கிம்மர் ரிப்பேர் ஆகவில்லை. மாடலும் மட்டமான மாடல் இல்லை. எங்கள் சம்ப்புக்கு அது ஒத்து வருமா என்று யாரும் கேட்காததுதான் தவறு.

சரி, ஸ்கிம்மர் உண்மையில் என்ன செய்யுது?

சிம்பிளா சொன்னா, கடற்கரை நுரையை ஒரு குழாய்க்குள் உண்டாக்குது.

மீன் கழிவு, மிச்சத் தீனி, பாசி விடும் சளி இவற்றிலிருந்து புரதம், கொழுப்பு மாதிரியான கரிமப் பொருட்கள் தண்ணீரில் கரைகின்றன. இவற்றில் பல மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், இன்னொரு முனை வெறுக்கும். சோப்பு மாதிரியேதான். வெறுக்கும் முனைக்குத் தப்பிக்க ஓர் இடம் வேண்டும். பக்கத்தில் காற்றுக் குமிழி வந்தால் அதில் ஒட்டிக்கொள்ளும். ஸ்கிம்மரில் லட்சக்கணக்கான பொடிக் குமிழிகள் மேலே ஏறும்போது இந்தக் கழிவையும் சேர்த்து இழுத்துப் போகின்றன. கழுத்துப் பகுதியில் நுரையாகி, மேலே இருக்கும் கப்பில் விழுகின்றன. அதைத் திறந்து மோந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வீடே நாறும்.

நன்னீர்த் தொட்டியில் இது ஏன் சரியாக வேலை செய்யாது? நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று மோதிப் பெரிசாகி, சீக்கிரம் உடைந்துவிடும். கடல் நீரில் இருக்கும் உப்பு அப்படிச் சேரவிடாமல் தடுக்கிறது. குமிழி பொடியாகவே இருப்பதால், கழிவு ஒட்டிக்கொள்ளப் பரப்பளவு அதிகம்.

நுரை சேர்ந்தால் தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று யோசிக்க வேண்டும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019 நவம்பர் இறுதியில் சென்னை மெரினா பக்கம் கடற்கரை நெடுக வெள்ளை நுரை முட்டுக்கட்டி நின்றதே, நினைவிருக்கா? குழந்தைகள் அதில் விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். மழைக்குப் பிறகு ஆறுகள் வழியாக வந்த சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்புப் பொருட்களும்தான் அலையில் அடிபட்டு அப்படி நுரைத்தன. கடல் தன் அழுக்கைத் தானே மேலே கொண்டு வந்து காட்டியது. ஸ்கிம்மர் கப்பில் தினமும் நடப்பதும் அதே வேதியியல்.

இன்னொரு முக்கியமான விஷயம். கரிமக் கழிவு தண்ணீரிலேயே கிடந்தால் பாக்டீரியா அதை உடைத்து அம்மோனியா ஆக்கும், அது நைட்ரைட் ஆகி, கடைசியில் நைட்ரேட்டில் முடியும். அந்தச் சங்கிலி தொடங்கும் முன்பே கழிவில் ஒரு பகுதியை வெளியே எடுப்பதுதான் ஸ்கிம்மரின் பலம். ஏற்கெனவே நைட்ரேட் ஆகிவிட்டதை அதனால் எடுக்க முடியாது. 'நைட்ரேட் ஏறிடுச்சு, பெரிய ஸ்கிம்மர் போடுங்க' என்று யாராவது சொன்னால் உஷார்.

பெட்டி மேல போட்டிருக்கிற லிட்டர் கணக்கை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

ஃபிரிட்ஜுக்கு ஸ்டார் ரேட்டிங் கொடுக்க ஒரு பொதுவான சோதனை முறை இருக்கிறது. ஸ்கிம்மருக்கு அப்படி ஒன்று கிடையாது. '500 லிட்டர் வரை' என்பது அந்தந்த நிறுவனம் தானாகப் போட்டுக்கொள்ளும் எண். 500 லிட்டரில் நாலு சின்ன மீன் இருந்தாலும் 500தான், பன்னிரண்டு பெரிய மீன் இருந்தாலும் 500தான். ரெண்டு தொட்டியிலும் சேரும் கழிவு ஒன்றா? நேர்மையான சில நிறுவனங்கள் 'குறைந்த மீன்', 'அதிக மீன்' என்று ரெண்டு எண் தருகிறார்கள். அப்படி இருந்தால் 'அதிக மீன்' எண்ணை மட்டும் படியுங்கள். மற்றதை விளம்பரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இதை ஆய்வகத்தில் அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் குழுவினர் 2009, 2010-ல் பல ஸ்கிம்மர்களைச் சோதித்தார்கள். தண்ணீரில் கரைந்த மொத்தக் கரிமக் கார்பனில் அவை எடுத்தது சுமார் 20 முதல் 35 சதவீதம்தான். சோதித்த ஸ்கிம்மர்களுக்கு இடையே மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு 'அப்போ ஸ்கிம்மரே வேஸ்ட்' என்று முடிவு கட்ட வேண்டாம். நாள் முழுக்க, வருஷம் முழுக்க ஓடும் கருவி இது. ஆனால், அதிக விலை கொடுத்தால் அதே அளவு கூடுதல் சுத்தம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் வேஸ்ட்.

பெரிசா வாங்கினா பெட்டர்தானே?

கடைகளில் அடிக்கடி கேட்கும் அறிவுரை: 'தொட்டி எவ்வளவோ, அதுக்கு ரெண்டு மடங்கு ஸ்கிம்மர் வாங்கு.' இதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நுரை நிலையாக நிற்க கழிவு வேண்டும். பெரிய ஸ்கிம்மரின் கழுத்து அகலம். மீன் குறைவான தொட்டியில் அந்த அகலத்தை நிரப்பி மேலே ஏறும் அளவுக்குக் கழிவு சேராது. நுரை பாதிவரை ஏறும், உடையும், இறங்கும். ஒரு நாள் கப் காலி, மறுநாள் திடீர் பொங்கல். அதே தொட்டியில் சின்ன கழுத்து ஸ்கிம்மர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராக எடுக்கும். டம்ளர் காபியை அண்டாவில் ஊற்றி ஆற்றினால் நுரை வருமா?

சின்னதாக வாங்கினாலும் பிரச்சினைதான். மீன் அதிகம் உள்ள தொட்டியில் கப் அரை நாளில் நிரம்பும், தண்ணீர் மஞ்சளிக்கும். அதனால் என் கட்சி இதுதான்: தொட்டியின் லிட்டருக்கு அல்ல, அதில் தினமும் விழும் தீனிக்கு ஸ்கிம்மர் வாங்குங்கள்.

கடைக்குப் போகும் முன் அளக்க வேண்டிய நாலு விஷயம்

ஒரு டேப், ஒரு பேப்பர் போதும். போனில் குறித்துக்கொண்டாலும் சரி.

ஒன்று, சம்ப்பில் ஸ்கிம்மர் உட்காரும் அறையின் நீர் ஆழம். இதுதான் முதல் எண், பெரும்பாலானோர் அளக்காத எண்ணும் இதுதான். சம்ப்புக்குள் வைக்கும் ஸ்கிம்மர்கள் பலவும் 18 முதல் 23 செ.மீ. ஆழத்தில் ஓடும்படி செய்யப்பட்டவை. சரியான அளவு பெட்டியிலோ கையேட்டிலோ இருக்கும். ஆழம் குறைவாக இருந்தால் நுரை மேலே ஏறாது. அதிகமாக இருந்தால் பொங்கும். ஆழம் அதிகமான சம்ப் என்றால் கவலை வேண்டாம், கீழே ஒரு அக்ரிலிக் ஸ்டாண்ட் வைத்து உயர்த்திக்கொள்ளலாம். ஆழம் குறைவான சம்ப்புக்குத்தான் வழி இல்லை.

அதைவிட முக்கியம், அந்த மட்டம் மாறாமல் இருக்கிறதா என்பது. சம்ப்பில் கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் இருக்கும் அறைகளில் தண்ணீர் தடுப்பின் உயரத்துக்கு நின்று வழியும். அதனால் மட்டம் மாறாது. ஆவியாகிக் குறைவது எல்லாம் ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில்தான் தெரியும். ஸ்கிம்மரை அங்கே மட்டும் வைக்காதீர்கள். நாங்கள் வைத்தது அங்கேதான்.

இரண்டு, கேபினெட்டின் உயரம். ஸ்கிம்மர் உள்ளே போனால் மட்டும் போதாது. கப்பை மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். அதற்கு ஒரு சாண் இடம் கூடுதலாக வேண்டும். இல்லையென்றால் கப் கழுவும் வேலையைத் தள்ளிப் போடுவீர்கள். தள்ளிப் போட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

மூன்று, அறையின் நீள அகலம். பம்ப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மாடலும் உண்டு, உடம்புக்கு அடியிலேயே அடங்கும் மாடலும் உண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் பம்ப்பையும் சேர்த்து அளவு பாருங்கள். பம்ப்பைக் கழற்றக் கை நுழைய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

நாலு, மீன் எத்தனை, தீனி எவ்வளவு. இப்போது இருக்கும் மீன் மட்டுமல்ல, ஒரு வருஷத்தில் வைக்கப் போகும் மீனையும் சேர்த்து. ஒரு ஜோடி கோமாளி மீன், ரெண்டு கோபி, ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி என்றால் அது லேசான தொட்டி. டேங், ஏஞ்சல் மாதிரி பெரிய மீன்கள், தினமும் ரெண்டு வேளை உறைந்த தீனி என்றால் அது கனமான தொட்டி. ரெண்டும் 200 லிட்டராக இருந்தாலும் ஒரே ஸ்கிம்மர் பொருந்தாது.

இந்த நாலையும் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்ப் பாருங்கள். உரையாடலே மாறிவிடும். "200 லிட்டருக்கு எது போடலாம்" என்பதற்குப் பதிலாக "20 செ.மீ. ஆழத்தில் ஓடுற, 50 செ.மீ. உயரத்துக்குள்ள அடங்குற மாடல் எது" என்று கேட்பீர்கள். சொல்லத் தெரிந்தவர் சொல்வார். தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

பம்ப் பக்கம் என்ன பார்க்கணும்?

இப்போது சந்தையில் அதிகம் கிடைப்பது 'நீடில் வீல்' வகை. பம்ப்பின் சுழலும் சக்கரத்தில் நிறைய ஊசிகள் இருக்கும். அவை உள்ளே இழுக்கும் காற்றைப் பொடிப் பொடியாக நறுக்கும். வீட்டுத் தொட்டிக்கு இதுவே போதும். ஏர் பம்ப்பும் மரக்கட்டை ஏர்ஸ்டோனும் வைத்த பழைய வகையும் உண்டு. விலை குறைவு, ஆனால் கட்டை அடைத்துக்கொள்ளும், அடிக்கடி மாற்ற வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்து தரும் ஸ்கிம்மர் என்றால் பம்ப்பில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், வோல்ட்டும் நம்மில் பாதி. நேராக பிளக் செய்தால் பம்ப் எரியும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு வோல்ட்டைச் சரிசெய்தாலும், சாதாரண ஏ.சி. பம்ப் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். அங்கே எழுதிய காற்றளவு இங்கே வராது. டி.சி. பம்ப் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. அடாப்டர் 230 வோல்ட்டை ஏற்குமா என்று மட்டும் பார்த்தால் போதும். வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம்.

கரன்ட் பில் பயம் வேண்டாம். 20 வாட் பம்ப் நாள் முழுக்க ஓடினால் அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு, மாதத்துக்குச் சுமார் 14 யூனிட்.

புது ஸ்கிம்மரை மாட்டியதும் நுரை வரவில்லை என்று மறுநாளே கடைக்கு போன் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய படலம் படிய ஒன்று ரெண்டு வாரம் ஆகும். அதுவரை நுரை ஒரு நாள் பொங்கும், ஒரு நாள் காணாமல் போகும். அந்தக் காலத்தில் மட்டத்தைக் கொஞ்சம் தாழ்வாக வையுங்கள்.

அப்புறம் நம்ம ஊர் ஸ்பெஷல் தலைவலி ஒன்று: உப்பு. காற்றுக் குழாயின் முனையில் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். காற்று குறைந்தால் நுரை குறையும், நீங்கள் ஸ்கிம்மரைத் திட்டுவீர்கள். வாரம் ஒரு முறை அந்தக் குழாயை வெந்நீரில் அலசினால் போதும். கப்பின் கழுத்தையும் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். அழுக்கு படிந்த கழுத்தில் நுரை ஏறாது. ரெண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பம்ப்பைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

வெயில், புயல், கரன்ட் கட்

வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லாத ஒன்றை நாம் யோசித்தே ஆக வேண்டும். தண்ணீர் சூடானால் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரியில் கடல் நீர் லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளும், 30 டிகிரியில் 6.2தான். நன்னீரைவிட கடல் நீர் ஏற்கெனவே குறைவாகத்தான் வைத்திருக்கும். ஸ்கிம்மர் கழிவை எடுப்பதோடு, இடைவிடாமல் தண்ணீருக்குள் காற்றையும் கலக்குகிறது. புதுச்சேரியின் மே மாதத்தில் இந்த ரெண்டாவது வேலை முதல் வேலையைவிட முக்கியம் என்பேன்.

அப்படிப்பட்ட கருவி நின்றுபோனால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை, தெருவெல்லாம் தண்ணீர், ஊரெல்லாம் இருட்டு. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கரன்ட் இல்லாமல் கழித்த நாட்களை வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இங்கே கடல் மீன் தொட்டி வைப்பவர் கரன்ட் போகும் என்று கணக்கு வைத்தே ஸ்கிம்மர் வாங்க வேண்டும்.

கரன்ட் போனதும் ரிட்டர்ன் பம்ப் நிற்கும். மேல் தொட்டியில் இருந்து கொஞ்சம் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கும். எங்கள் 3 அடி தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினாலே 10 லிட்டர். அதைத் தாங்க சம்ப்பில் காலி இடம் இருக்க வேண்டும். கரன்ட் திரும்பி வரும் நொடியில் ஸ்கிம்மர் அந்த உயர்ந்த மட்டத்தில்தான் ஓட ஆரம்பிக்கும், பொங்கும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். அதனால், பொங்கினால் வெளியேற கப்பின் அடியில் வடிகுழாய் உள்ள மாடலாகப் பாருங்கள். அந்தக் குழாயைத் தனி கேனில் விடுங்கள். ஒரு சின்ன கேன் வைத்திருந்தால் எங்கள் கழிவு சம்ப்புக்குள் போயிருக்காது. இன்வெர்ட்டரில் ரிட்டர்ன் பம்ப்பை முதலில் இணையுங்கள், அதுவும் முடியாவிட்டால் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றாவது அலமாரியில் இருக்கட்டும்.

'கடலே பக்கத்துல இருக்கே, அப்புறம் எதுக்கு இதெல்லாம்?'

புதுச்சேரியில் தொட்டி வைக்கும் எல்லோரும் ஒரு முறையாவது கேட்கும் கேள்வி. ரெண்டு கேன் கடல் தண்ணீர் எடுத்து வந்து மாற்றினால் ஸ்கிம்மரே தேவையில்லையே?

கரையோரத் தண்ணீர் நடுக்கடல் தண்ணீர் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுத் தண்ணீர் கலந்து உப்பின் அளவு இறங்கும். நகரத்தின் வாய்க்கால்களும் கடலில்தான் சேர்கின்றன. 2023 அக்டோபரில் நம் கடற்கரையில் தண்ணீர் செந்நிறமாக மாறியதைப் பார்த்தவர்கள், அதில் ஒரு கேன் எடுத்து வீட்டு மீனுக்கு ஊற்றுவார்களா? கடல் மீன் ஆய்வு மையங்கள் கடல் நீரைப் பயன்படுத்துகிறார்கள்தான், ஆனால் வடிகட்டி, சோதித்த பிறகு. வீட்டில் நமக்கு அந்த வசதி இல்லை. ஆர்.ஓ. தண்ணீரில் தொட்டிக்கான உப்பைக் கலந்து, லிட்டருக்கு 35 கிராம் என்ற அளவுக்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு.

கடலில் இருந்து எடுக்கவே கூடாத இன்னொன்று, பவளம். 2001 முதல் பவளப்பாறை உயிரினங்களும் கடல் குதிரைகளும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு இருக்கும் அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த 'லைவ் ராக்' என்று யாராவது மலிவாகத் தந்தால், அது மலிவு இல்லை, வழக்கு.

அப்போ எல்லோருக்கும் ஸ்கிம்மர் வேணுமா?

வேண்டாம். இதைச் சொல்வதால் சில கடைக்காரர்கள் கோபப்படலாம். 100 லிட்டருக்குக் கீழே, ஒன்றிரண்டு சின்ன மீன் மட்டும் உள்ள தொட்டி என்றால், வாரம் 10 முதல் 20 சதவீதம் தண்ணீரை ஒழுங்காக மாற்றினாலே போதும். அந்தக் காசில் நல்ல ஆர்.ஓ. ஃபில்டரும் உப்பு அளக்கும் கருவியும் வாங்கலாம். தண்ணீர் மாற்றச் சோம்பல் என்பதற்காக ஸ்கிம்மர் வாங்காதீர்கள். 20-35 சதவீதம் என்ற எண்ணை நினைவில் வையுங்கள். மீதியை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

அதற்கு மேல் போகிறீர்கள், சம்ப் வைக்கிறீர்கள், பெரிய மீன் வளர்க்க ஆசை என்றால் ஸ்கிம்மர் வேண்டும். அதுவும் மீன் வாங்கும் முன்பு வேண்டும். நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் கண்ணாடி, பிறகு நீல விளக்கு, பிறகு மீன், பட்ஜெட்டில் மிச்சம் இருந்தால் ஸ்கிம்மர். வரிசையை மாற்றுங்கள். ஸ்கிம்மர் ரெண்டு வாரம் ஓடி, மட்டம் நிலையாகி, கப்பில் சீராகக் கழிவு விழுவதைப் பார்த்த பிறகு முதல் மீனைக் கொண்டு வாருங்கள்.

ஒரு மீன்தானே என்கிறீர்களா?

எங்கள் கோமாளி மீன்கள் செத்த அன்று ஒரு நண்பன் ஆறுதல் சொன்னான்: "விடு மச்சி, வேற வாங்கிக்கலாம்." நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால், பிரச்சினையே அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது.

வீட்டுத் தொட்டிக்கு வரும் நன்னீர் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. சென்னை கொளத்தூர் பக்கம் போனால் அந்தத் தொழிலையே பார்க்கலாம். கடல் மீன் அப்படி இல்லை. உலகச் சந்தையில் விற்கும் கடல் அலங்கார மீன் இனங்களில் பெரும்பாலானவை இன்னும் பவளத்திட்டுகளில் பிடித்துக் கொண்டுவரப்படுபவை. நம் அறியாமையால் ஒரு மீன் செத்து, 'வேற வாங்கும்' ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு கடலில் இன்னொரு மீனுக்கு வலை விழுகிறது.

கோமாளி மீன் விஷயத்தில் நமக்கு நல்ல வழி உண்டு. மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனமும், நமக்குப் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். வாங்கும்போது "இது பண்ணை மீனா, கடல்ல பிடிச்சதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பலமுறை கேட்கப்பட்டால்தான் கடைகள் பதில் வைத்திருக்கும்.

எங்கள் சம்ப்பில் இப்போது ஸ்கிம்மர் முதல் அறையில் இருக்கிறது. அடியில் 4 செ.மீ. அக்ரிலிக் ஸ்டாண்ட், பக்கத்தில் வடிகுழாய் விட்ட பழைய தண்ணீர் கேன். அதே 500 லிட்டர் மாடல்தான், வேகத்தைக் குறைத்து ஓடுகிறது. எங்கள் தீனிக்கு இன்னும் சின்னது போதும் என்று இப்போது தெரியும், அடுத்த முறை அதையே வாங்குவோம். தொட்டியில் ரெண்டு மாதமாக மீன் இல்லை. கப்பில் ஒரே சீராக நுரை விழுகிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விழுந்தால் மட்டும்தான் அடுத்த ஜோடி.

நீங்கள் தொட்டி வைக்கும் யோசனையில் இருந்தால், இன்றைக்கு வாங்க வேண்டியது ஸ்கிம்மர் கூட இல்லை. முப்பது ரூபாய் டேப் ஒன்று. முதலில் சம்ப்பை அளங்கள்.